பல் நறநறப்பும் தாடை மூட்டு வலியும்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வியின் சாரம் இது: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக அருகில் உறங்குபவர் சொல்கிறார். காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கிறது. காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று சத்தம். ஒரு பல் மருத்துவர் இரவில் நைட் கார்டு (பற்களின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) அணிந்தால் போதும் என்கிறார். இன்னொருவர், மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதமே சரியில்லை, சில பற்களைச் சீவிச் சமன்செய்ய வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பல்லைச் சீவ இப்போது சம்மதிக்காதீர்கள். நைட் கார்டு அணியலாம். ஆனால் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது பல்லின் பாதுகாப்பை மட்டுமே. வலி குறைவதற்கான வேலையில் பெரும்பகுதி பகலில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். தாடை வலியோடு வருபவர்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் பல் மருத்துவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். காரணங்களை விளக்கமாகப் பார்க்கலாம்.

இரவில் பல் கடிப்பதும் தாடை வலிப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். சிலரிடம் சேர்ந்து இருக்கின்றன, அவ்வளவுதான். இரவெல்லாம் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி நறநறக்கும் பலருக்குத் தாடையில் வலியே கிடையாது. வலியால் அவதிப்படும் பலரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பதிவு செய்தால், அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கடிப்பதில்லை என்று தெரியவருகிறது. ஆகவே ‘கடிப்பதை நிறுத்தினால் வலி போய்விடும்’ என்ற ஒற்றை வழியில் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

தூக்கத்தில் நடப்பது என்ன? ஆழமில்லாத உறக்கத்தின்போது மூளை சில நொடிகள் விழிப்பை நோக்கி எழுந்துவந்து மறுபடி அடங்குகிறது. நமக்கு அது தெரிவதே இல்லை. அப்போது முதலில் இதயத் துடிப்பு சற்று வேகம் எடுக்கிறது. அடுத்து, மெல்லும் தசைகள் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் சுருங்குகின்றன. பற்கள் உராயும் சத்தம் இந்த வரிசையில் கடைசி. அதாவது கட்டளை மூளையிலிருந்து வருகிறது. பல் எங்கோ இடறுவதால் தாடை கடிக்கத் தொடங்குவதில்லை. இதே தசை அசைவு, பல் நறநறக்காதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரவில் அவ்வப்போது உண்டு. பெரியவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பல் நறநறப்பு அடிக்கடி நிகழ்கிறது. குழந்தைகளிடம் இன்னும் அதிகம். வளரும்போது தானாகவே குறைந்துவிடும் என்பதால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. 2018இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட ஒருமித்த கருத்தும், மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவரிடம் பல் கடித்தலை நோய் என்று கருத வேண்டாம், அது ஒரு தசைச் செயல்பாடு என்றே சொல்கிறது. அதன் விளைவாகப் பல் உடைந்தாலோ வலி வந்தாலோதான் சிகிச்சைக்கு வேலை.

பல் தேய்ந்திருப்பதைப் பார்த்ததும் ‘நீங்கள் பயங்கரமாகக் கடிக்கிறீர்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். தேய்ந்த செருப்பைப் பார்த்தால் அதை அணிந்தவர் நடந்திருக்கிறார் என்று தெரியும். இன்றும் நடக்கிறாரா என்று தெரியாது. பல் தேய்வும் அப்படித்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக இருக்கலாம். நெஞ்செரிச்சலில் மேலேறும் அமிலமோ புளிப்பான பானங்களோ பல்லைக் கரைத்ததாகவும் இருக்கலாம்.

இனி வலிக்கு வருவோம். முதலில் அது தசையில் இருக்கிறதா, மூட்டில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பற்களை ஒருமுறை இறுக்கிக் கடித்தால் கன்னத்தின் பின்பகுதியில், தாடை மூலைக்கு மேலே ஒரு தசை புடைக்கும். நெற்றிப்பொட்டிலும் ஒன்று புடைக்கும். கடிப்பதை விட்டுவிட்டு, அந்த இடங்களை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். பிறகு காதுத் துளைக்கு முன்னால், வாயைத் திறந்து மூடும்போது விரலுக்கடியில் எலும்பு உருள்வதை உணரக்கூடிய இடத்தை அழுத்துங்கள்; அதுதான் மூட்டு. எந்த இடத்தை அழுத்தும்போது ‘இதே வலிதான்’ என்று தோன்றுகிறதோ, அங்கிருந்துதான் பெரும்பாலும் வலி கிளம்புகிறது. இப்படிப் பார்த்தால் பலருக்கு மூட்டைவிடத் தசையில்தான் குற்றம் இருக்கும். தசை வலி கேட்க எளிதாகத் தோன்றினாலும் ஏமாற்றுவதில் கெட்டிக்காரன். கன்னத் தசையின் வலி கடைவாய்ப் பல்லிலும் காதுக்குள்ளும் தெரியும். பொட்டுத் தசையின் வலி மேல் பற்களில் தெரியும். பல்லில் ஒரு குறையும் இல்லாமல் வேர் சிகிச்சை செய்துகொண்டு, பிறகு அந்தப் பல்லைப் பிடுங்கியும் விட்டு, வலி மட்டும் அப்படியே இருக்கிறது என்று வருபவர்களைப் பார்க்க மிகவும் வருத்தமாக இருக்கும். சந்தேகமான பல்லை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தும் வலி குறையவில்லை என்றால், வலியின் ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள். வேர் சிகிச்சைக்குத் தலையாட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த ‘டக்’ சத்தத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். தாடை மூட்டு வெறும் கீல் இல்லை. வாய் திறக்கும்போது தாடை எலும்பின் தலை முதலில் சுழல்கிறது, பிறகு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன சிறிய வட்டு இருக்கிறது. சிலருக்கு இந்த வட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடும். வாயைத் திறக்கும்போது எலும்பின் தலை மீண்டும் அதன்மேல் ஏறும் சத்தம்தான் நீங்கள் கேட்பது. மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதோவொரு சத்தம் உண்டு. வலியில்லை, வாய் பூட்டிக்கொள்வதில்லை என்றால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை; சத்தத்தை நிறுத்துவதற்காக மட்டும் செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் வீண். கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறான நிலை: நாள்தோறும் கேட்ட சத்தம் திடீரென நின்றுபோய், அன்றிலிருந்து வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை என்றால், வட்டு முன்னால் சிக்கிக்கொண்டிருக்கலாம். இயல்பான திறப்பு 40 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது உங்கள் சொந்த விரல்கள் மூன்றை நெட்டுக்குத்தாக அடுக்கி நுழைக்கும் அளவு. அது திடீரெனக் குறைந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் கையாள்வது எளிது.

இப்போது முக்கியமான பகுதி. மெல்லுதல், விழுங்குதல் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் 20 நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் அவற்றுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. இதை நோயாளிகளிடம் சொல்லும்போது ‘வாயை மூடியிருந்தால் பல் சேர்ந்துதானே இருக்கும்?’ என்று வியப்போடு கேட்பார்கள். அந்த வியப்பே பாதி நோயறிதல். நாள் முழுவதும் பல்லோடு பல்லை ஒட்டி வைத்திருப்பவர்கள் அவர்கள். இறுக்கிக் கடிக்க வேண்டும் என்பதில்லை. மணிக்கணக்கில் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தாலே தசை ஓய்வின்றி உழைக்கும். தாடை வலி உள்ளவர்களைப் பகலில் இடையிடையே ‘இப்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?’ என்று கேட்டுப் பதிவு செய்த ஆய்வுகளில், வலி இல்லாதவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ‘ஆம்’ என்ற பதில் வந்திருக்கிறது.

எனவே முதல் பாடம்: உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். நாக்கு நுனி எங்கே இருக்க வேண்டும் என்று குழம்பினால் ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள். மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் நுனி தொடும் அந்த இடத்திலேயே அதை மென்மையாக நிறுத்திவையுங்கள். நாக்கு அங்கே இருக்கும்போது பல்லைக் கடிப்பது கடினம்.

கேட்க எளிது, நினைவில் வைத்திருப்பதுதான் சிரமம். மன உறுதியால் இது நடக்காது, ஏனென்றால் கடிப்பது கவனம் வேறெங்கோ இருக்கும்போதுதான். கணினித் திரையில் மூழ்கியிருக்கும்போது, வண்டி ஓட்டும்போது, பாரம் தூக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, யாரோ பேசுவதைப் பொறுத்துக்கொண்டு கேட்கும்போது. உங்களுக்கு எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு அடையாளத்தை வையுங்கள்: திரையின் ஓரத்தில் சிறிய வண்ணப் புள்ளி, வண்டியின் கண்ணாடியில் ஒன்று, கைப்பேசியில் மணிக்கொருமுறை ஓர் அதிர்வு. அடையாளம் கண்ணில் படும்போதெல்லாம் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் உதடுகள் வழியே மெல்ல ஊதி மூச்சை விடுங்கள். தாடை தானே தளரும். தாடையை வலிந்து கீழே இழுத்துப் பிடிக்காதீர்கள், அதுவும் ஒரு தசை வேலைதான். புள்ளிக்குக் கண் பழகிவிட்டால் இடத்தையும் நிறத்தையும் மாற்றுங்கள். சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் மாலை நேர வலி முதலில் குறையும்.

இதோடு விட வேண்டியவை சில: சூயிங் கம், நகம் கடித்தல், பேனா கடித்தல், கன்னத்தைக் கையில் முட்டுக்கொடுத்து உட்கார்தல். இன்னொன்றும் உண்டு, அதை யாரும் கெட்ட பழக்கம் என்று நினைப்பதில்லை. ‘இன்னும் சத்தம் வருகிறதா?’ என்று நாளுக்கு முப்பது முறை வாயைத் திறந்து மூடிச் சோதிப்பது. நொந்த மூட்டுக்கு அதைவிட வேறு தொந்தரவு வேண்டாம்.

வலி மிகுந்திருக்கும் நாட்களில் ஓரிரு வாரங்களுக்கு மென்மையான உணவு, சிறு துண்டுகள், இரு பக்கமும் மெல்லுதல். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தாடையை முடக்கிப்போட வேண்டாம். அசையாத மூட்டு இறுகும். கொட்டாவி வரும்போது நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டால் வாய் அளவுக்கு மேல் விரியாது. இளஞ்சூடான ஈரத் துணியைக் கன்னத்தில் 15, 20 நிமிடம் வைத்துவிட்டு, தசையை விரல்களால் மெதுவாக வட்டமிட்டுத் தேய்த்துவிடுங்கள். அடிபட்டதால் புதிதாக வந்த வலி என்றால் முதல் இரண்டு நாட்கள் குளிர் ஒத்தடம் நல்லது. ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வலி ஓரளவு தணிந்ததும் பயிற்சி. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கீழ்த் தாடை ஒரு பக்கம் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு முறைக்கு ஆறு தடவை, நாளில் ஐந்தாறு முறை. கழுத்தும் தோளும் இறுகியிருப்பவர்கள் அவற்றையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். முடிந்தால் தாடைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறையாவது போய்க் கற்றுக்கொள்ளுங்கள். காகிதத்தில் படித்துச் செய்வதற்கும் கை வைத்துச் சரிசெய்பவரிடம் கற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாட்பட்ட தாடை வலிக்காக 2023இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் வலுவாகப் பரிந்துரைத்த சிகிச்சைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்: மேற்பார்வையோடு தாடைப் பயிற்சி, கையால் தசை முடிச்சுகளைத் தளர்த்துதல், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் உரையாடல் சிகிச்சை), வீட்டில் செய்யும் பராமரிப்பு.

அதே வழிகாட்டுதல், வலிக்கான சிகிச்சையாக நைட் கார்டைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. இதைச் சொன்னால் எங்கள் தொழிலில் பலருக்குக் கோபம் வரும். நான் நைட் கார்டுக்கு எதிரி இல்லை. பல்லில் விரிசல், உடைந்த அடைப்பு, புதிதாகப் போட்ட கிரீடம் (பல்லின்மேல் நிரந்தரமாகப் பொருத்தும் உறை) என்று காக்க வேண்டியது ஏதாவது இருந்தால் நானே செய்து கொடுக்கிறேன். சிலருக்கு அது காலை இறுக்கத்தையும் குறைக்கிறது. ஆனால் அது நறநறப்பை நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் தேயும். செய்வதானால், ஒரு வரிசையின் எல்லாப் பற்களையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் கார்டாக, உங்கள் பல்லை அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். முன்பற்களை மட்டும் தொடும் சிறிய கருவிகளை மாதக்கணக்கில் அணிந்தால், மூடப்படாத பின்பற்கள் மெல்ல மேலெழும்பி, பல் சேரும் விதமே மாறிவிடக்கூடும். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் கொடுக்கும் மென்மையான வகை தற்காலிகத்துக்குச் சரி. சிலர் அதைச் சவைக்கத் தொடங்கி வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். எந்த வகையானாலும் இரவில் மட்டும் அணியுங்கள். காலையில் கழற்றி அரை மணி நேரம் கழிந்தும் பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் போங்கள்.

கார்டு செய்யும் முன் ஒரு கேள்வி: குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? பகலில் தூக்கம் அள்ளுகிறதா? தூக்க மூச்சுத்தடையும் பல் நறநறப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி காணக்கூடியது. மேல் வரிசைக் கார்டு சிலரிடம் மூச்சுத்தடையை மோசமாக்கவும் செய்யும். சந்தேகம் இருந்தால் தூக்கப் பரிசோதனை முதலில், கார்டு பிறகு.

இரவு நறநறப்பைத் தூண்டுபவற்றில் நம் கையில் உள்ளவை மதுவும் புகையும். இரண்டுமே வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகின்றன. மாலைக்குப் பின் காபியைக் குறைப்பதும் நல்லது. மருந்துகளையும் பாருங்கள். ஃப்ளூஆக்செட்டின், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தொடங்கிய சில வாரங்களில் பல் கடிப்பு ஆரம்பித்தால் தொடர்பு இருக்கலாம். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வழி உண்டு. மன அழுத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் தொடர்பு பகல் கடிப்போடு தெளிவாக இருக்கிறது, இரவு நறநறப்போடு அவ்வளவு தெளிவாக இல்லை.

பல்லைச் சீவும் யோசனை எங்கிருந்து வந்தது? 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், பற்களை இழந்து தாடை உட்சரிந்தவர்களிடம் காது வலியும் தலைவலியும் இருப்பதைக் கண்டு, பற்கள் சேரும் விதமே காரணம் என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூறு விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் ‘கடியை, அதாவது பற்கள் சேரும் விதத்தை, சரிசெய்தால் வலி போகும்’ என்ற நம்பிக்கை பல் மருத்துவத்தில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. இன்னும் முழுதாக ஓயவில்லை. பல்லைச் சீவுவதால் தாடை வலி குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. சீவிய எனாமலோ திரும்ப முளைக்காது. வலிக்கும் தசை தாடையை ஒரு பக்கம் இழுப்பதால் கடி மாறியதாகத் தோன்றுவதும் உண்டு. அந்த நேரத்தில் சீவினால், தசை தளர்ந்தபின் உண்மையாகவே கடி பொருந்தாமல் போகும். வலிக்காக மட்டும் கம்பி போட்டுப் பல் வரிசையை மாற்றுவதும், எல்லாப் பற்களுக்கும் கிரீடம் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளில் அவசரப்பட்டதற்கு இந்தத் துறை கொடுத்த விலை பெரிது. 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டின் வட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளைப் பலருக்குப் பொருத்தினார்கள். அது மூட்டுக்குள் சிதைந்து, துகள்களால் எலும்பே அரித்துப்போய், 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டது. இன்று அறுவைக்கான தேவை உள்ளவர்கள் மிகச் சிலர். பூட்டிக்கொண்ட மூட்டை ஊசிவழி கழுவிவிடுவது போன்ற சிறிய முறைகள் அதற்கு முன்பே இருக்கின்றன. போடாக்ஸ் ஊசி கன்னத் தசையை மூன்று நான்கு மாதங்கள் தளர்த்தும். கடிக்கும் விசை குறையும். வலிக்கு அதன் பயன் இன்னும் உறுதியாகவில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலிவதோடு தாடை எலும்பின் அடர்த்தியும் குறையலாம் என்ற கவலை இருக்கிறது. மற்ற எல்லாம் தோற்றபின் யோசிக்கலாம்.

தாடை வலி போலவே வந்து வேறொன்றாக இருப்பவை சில உண்டு. 50 வயதுக்கு மேல், புதிதாக நெற்றிப்பொட்டு வலி, தலை வாரினால் தோல் நோவது, உணவை மெல்லும்போது தாடை களைத்து வலித்து, மெல்வதை நிறுத்தினால் விடுவது, பார்வை மங்குவது: இவை பொட்டுத் தமனி அழற்சியாக, அதாவது நெற்றிப்பொட்டில் ஓடும் இரத்தக்குழாய் அழன்று வீங்கும் நோயாக, இருக்கலாம். பார்வை பறிபோகும் ஆபத்து உள்ளதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வரும் தாடை வலி இதயத்திலிருந்து வரலாம். மார்பு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள். முகத்தைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்தாற்போல் சில நொடிகள் வெட்டும் வலி நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வாய் திறக்காமல் போவது, கட்டி தென்படுவது, முகம் மரத்துப்போவது, வலியே இல்லாமல் வாய் திறப்பு மாதாமாதம் குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால், உங்கள் நிலையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும்கூட இப்போது அவசியமில்லை. வட்டு எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும், ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அதில் நகர்ந்த வட்டு இருக்கும். பகல் பழக்கத்தையும் பயிற்சியையும் ஆறு வாரங்கள் செய்யுங்கள். தொடங்கும் முன் வலிக்கு பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள், எத்தனை விரல் நுழைகிறது என்பதையும் சேர்த்து. ஆறு வாரங்களில் அந்த எண்கள் அசையவே இல்லை என்றால், முகவலிச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவரைப் பாருங்கள். நாட்பட்ட தசை வலிக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் பயன்படுமா என்று பார்ப்பதும், தூக்கத்தையும் கழுத்தையும் சேர்த்து ஆராய்வதும் அவருடைய வேலை. அங்கே போகும்போது இந்தக் குறிப்பையும் இதுவரை எடுத்த மருந்துகளின் பெயர்களையும் கொண்டுசெல்லுங்கள்.